சூளைத் தபால்

காஸ் சிலிண்டர் புத்தகத்தைத் தேடிப் பீரோவின் மேல் கையை விட்டேன். கைக்கு வந்தது ஜெசியின் புத்தகம்.

2006 ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி, மதியம் இரண்டரை மணி. விருத்தாசலத்தில் அந்த நேரத்துக்குத் தெருவில் நாய்கூட நடக்காது. எங்கள் வீட்டுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. பீரோவுக்கும் கூரைக்கும் நடுவில் ஒன்றரை அடிதான் இடைவெளி. புத்தகம் தோசைக்கல் மாதிரி சுட்டது.

தடிமனான இங்கிலீஷ் புத்தகம். பழைய பேய்க் கதைகளின் திரட்டு, இரண்டாம் தொகுதி. நூறு வருடத்துக்கு முன்னால் குளிர் நாட்டுக்காரர்கள் எழுதிய இருபத்திரண்டு கதைகள். நடுவில் எப்போதும் போல ஒரு காலண்டர் தாள் நீட்டிக்கொண்டிருந்தது. தூசியைத் தட்டியபோது பொருளடக்கப் பக்கம் திறந்துகொண்டது.

முதல் நான்கு கதைகளுக்கு எதிரே ஜெசி பென்சிலால் போட்ட குறிகள் இருந்தன. அவை எனக்குத் தெரியும். ஐந்தாவது கதைக்கு எதிரே ஒரு நீலப் புள்ளி இருந்தது. ஆறாவதுக்கு ஒரு நீலக் கோடு. ஏழாவதுக்குப் புள்ளி. எட்டாவதுக்குப் பெருக்கல் குறி. இப்படியே பதினொன்று வரை.

நாங்கள் நான்கு கதைகள்தான் படித்தோம்.

என் மனைவி ஜெசி செத்து நாலரை மாதம் ஆகியிருந்தது. டிசம்பரில் அந்தப் புத்தகத்தைப் பீரோ மேல் தூக்கி வைத்தது நான்தான். வைப்பதற்கு முன்னால் இதே பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு பென்சில் குறிகளுக்குக் கீழே வெறும் தாள்தான் இருந்தது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதற்குப் பிறகு இந்த வீட்டுக்குள் என்னைத் தவிர யாரும் வரவில்லை.

புத்தகத்தை இருந்த இடத்தில் வைத்தேன். காஸ் புத்தகத்தை அப்புறம் தேடவில்லை.

*

என் பெயர் அகஸ்டின். வயது முப்பத்தொன்று. எம்.ஏ. இங்கிலீஷ். ஊருக்கு வெளியே ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் இங்கிலீஷ் சொல்லித்தருகிறேன். ஜெசி பத்தாவது வரை தமிழ் மீடியத்தில் படித்தவள். செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு பொம்மைக் கம்பெனியில் பெயின்டிங் வேலை. பிள்ளையார், மாதா, நாய்க்குட்டி, எது வந்தாலும் கண் வைப்பது அவள்தான். ஒரு நாளைக்கு நானூறு கண் வைக்கிறேன் என்பாள்.

இரண்டு தொகுதிகளையும் நெய்வேலி புத்தகக் கண்காட்சியில் அவள்தான் பொறுக்கினாள். அட்டையில் விளக்கு எரியாத ஒரு ஜன்னல் இருந்தது. அதைப் பார்த்ததும் கீழே வைக்கவில்லை.

"நீங்க படிச்சுத் தமிழ்ல சொல்லுங்க. நான் கேக்கறன்."

சாயங்காலங்களில் படித்துச் சொன்னேன். கதை முடிந்ததும் என் பென்சிலை வாங்கி மார்க் போடுவாள். கம்பெனியில் சூளையிலிருந்து இறங்குகிற பொம்மைகளுக்குப் போடுகிற அதே குறிகள். புள்ளி என்றால் முதல் தரம். கோடு என்றால் இரண்டாம் தரம். பெருக்கல் என்றால் உடைத்துப் போட வேண்டியது.

"இதுல பேயே வரலிங்களே. கதவுதான் தொறந்து தொறந்து மூடுது."

"அதுதான் பயம்."

"நம்ம வூட்டுக் கதவுந்தான் தொறந்து மூடுது. தாப்பா சரியில்ல. அதுக்கு ஒரு கதையா?"

பெருக்கல் போட்டாள்.

அந்தக் கதைகளில் எல்லோரும் தீ மூட்டி அதன் முன்னால் உட்கார்ந்துதான் பேயைப் பற்றிப் பேசுவார்கள். அவளுக்கு அது சிரிப்பு. "நாங்க நாளு பூரா சூளை முன்னாலதான் நிக்கிறம். பாவாடை அண்ணன் வாயிலேர்ந்து ஒரு கதை வரல. வேர்வைதான் வருது" என்பாள். பாவாடை அண்ணன் அவர்கள் கம்பெனியில் சூளை பார்ப்பவர்.

முதல் தொகுதி முடிந்தது. இரண்டாம் தொகுதியில் நான்கு கதை ஆனது. 2005 ஆகஸ்டில் நான் நிறுத்திவிட்டேன். பெரிய காரணம் எதுவும் கிடையாது. களைப்பு. நாளைக்குப் படிக்கலாம் என்பேன். கொஞ்ச நாளில் அவளும் கேட்பதை விட்டுவிட்டாள்.

நவம்பர் இருபத்து மூன்றாம் தேதி சாயங்காலம் மழை. பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அவள் இரண்டாம் தொகுதியைக் கொண்டுவந்து ஒரு வார்த்தையைக் காட்டி அர்த்தம் கேட்டாள். மறுபடி படிக்கச் சொல்லி நச்சரிக்க வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"அட்டையில இருக்கற பேரையே உன்னால சேத்துப் படிக்க முடியாது. உனக்கெதுக்கு இந்தப் புஸ்தகம்? எடைக்குப் போடு."

அவள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மறுநாள் காலை எட்டு மணிக்கு நான் கிளம்பியபோது சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நான் போயிட்டு வரேன் என்று சொல்லவில்லை. அவள் திரும்பவில்லை.

அன்று பதினோரு மணிக்கு மணிமுத்தாற்றுத் தரைப்பாலத்தில் வெள்ளம் அவளை இழுத்துக்கொண்டு போனது. கம்பெனிக்கு அது குறுக்கு வழி. பாலத்தின் மேல் முழங்கால் அளவு தண்ணீர் ஓடியது. பார்த்தவர்கள் இரண்டு பேர். டீக்கடைக்காரர், கால் வழுக்கிவிட்டது என்றார். மாடு ஓட்டிக்கொண்டு போனவர் வேறு மாதிரி சொன்னார். கூப்பிடக் கூப்பிடத் திரும்பியே பார்க்காமல் அந்தப் பொண்ணு தண்ணிக்குள்ள நடந்துது என்றார்.

ஜெசி ஒன்பது மணிக்கு வேலைக்குப் போகிறவள். அன்று பதினோரு மணிக்குத்தான் பாலத்துக்கு வந்திருக்கிறாள். நடுவில் இரண்டு மணி நேரம் வீட்டில் தனியாக உட்கார்ந்து என்ன யோசித்தாள்?

இன்னொன்றும் இருந்தது. அடக்கம் முடிந்து வந்த மறுநாள் உப்பு ஜாடிக்குப் பின்னால் ஒரு சின்ன மருந்து பாட்டிலைப் பார்த்தேன். லேபிள் இல்லை. உள்ளே வெளிர் ரோஸ் நிறத்தில் தண்ணீர் மாதிரி ஏதோ அரைப் பாட்டில் இருந்தது. வாசனை இல்லை. அதை ஏன் ஒளித்து வைத்தாள் என்று யோசித்தபோது எனக்கு ஒரே பதில்தான் கிடைத்தது. சாக்கடையில் ஊற்றிவிட்டுப் பாட்டிலைக் கருவேலங்காட்டில் வீசினேன். யாரிடமும் சொல்லவில்லை.

பங்குச் சாமியார் கேட்டபோது, தற்கொலை என்றால் பூசை கிடைக்காதோ என்ற பயத்தில், வழுக்கி விழுந்துட்டா ஃபாதர் என்றுதான் சொல்லியிருந்தேன். அவர் விபத்து என்று எழுதிக்கொண்டு பூசை வைத்து அடக்கம் செய்தார். நான் சொன்னது உண்மையா பொய்யா என்று எனக்குத் தெரியாது. நாலரை மாதமாக எனக்கு இருந்த விஷயம் அது ஒன்றுதான். சாப்பிடும்போதும் வகுப்பில் நிற்கும்போதும் அது இருந்தது.

வீட்டில் தினத்தாள் காலண்டர் நவம்பர் இருபத்து நான்கிலேயே நின்றுவிட்டது. காலையில் எழுந்ததும் முந்தின நாள் தாளைக் கிழிப்பது ஜெசியின் வேலை. கிழித்ததை எறிய மாட்டாள். மடித்துப் புத்தகத்துக்குள் அடையாளமாக வைப்பாள். பழைய அடையாளத்தைத்தான் எறிவாள். அவள் போன பிறகு நான் கிழிக்கவில்லை.

*

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். நீலக் குறிகள் இல்லை. பென்சில் குறிகள் நான்கும் இருந்தன. அவற்றுக்குக் கீழே வெறும் தாள். விரலால் தடவினேன். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். அழித்த தடம் இல்லை.

வெயிலில் கண் கெட்டிருக்கும் என்று நினைக்கலாம். நினைத்துப் பார்த்தேன். முடியவில்லை. எட்டாவது கதைக்குப் பெருக்கல் என்பது வரை ஞாபகம் இருந்தது.

வெள்ளை நூலால் புத்தகத்தை நீளத்திலும் அகலத்திலும் கட்டினேன். மூன்று முடிச்சு. முடிச்சின் மேல் பேனா மையால் ஒரு கோடு இழுத்தேன். அவிழ்த்துத் திரும்பக் கட்டினால் கோடு சேராது. திரும்பப் பீரோ மேல் வைத்தேன். கதவைப் பூட்டிச் சாவியை என்னிடமே வைத்துக்கொண்டேன்.

மறுநாள் பெரிய வெள்ளி. மூன்று மணி ஆராதனைக்குப் போகத்தான் சட்டை போட்டேன். செருப்பைப் போட்ட பிறகு திரும்பி வந்து ஸ்டூலில் ஏறினேன்.

மைக்கோடு சேர்ந்தே இருந்தது. முடிச்சு அவிழவில்லை. பிளேடால் நூலை அறுத்தேன்.

குறிகள் திரும்ப வந்திருந்தன. ஏழும் அந்தந்த இடத்தில், அதே நீலத்தில்.

பொருளடக்கத்தோடு நிறுத்தியிருக்கலாம். புரட்டினேன். பதினோராவது கதையில் ஒரு பக்கம் திறந்தது. அச்சடித்த இங்கிலீஷ் வரிகளுக்கு மேலே, எறும்பு அளவில், நீல நிறத் தமிழ் எழுத்துகள். படிக்கட்டு. மூச்சு. ஈரமான. நிழல். ஜெசி 'ழ' போட்டால் கடைசிச் சுழியை நீளமாக இழுத்துவிடுவாள். 'நிழல்' என்பதில் அந்தச் சுழி இருந்தது.

பக்கத்தின் கீழே இன்னொன்று இருந்தது.

மூழ்கி இறந்தவள்.

பெரிய வெள்ளியன்று கோயில் மணி அடிக்க மாட்டார்கள். அதற்குப் பதிலாக மரக்கட்டையைத் தட்டுவார்கள். அந்த நேரத்தில் அது தொடங்கியது. டக். டக். டக். வருடா வருடம் கேட்கிற சத்தம்தான். அன்று அது எங்கள் வீட்டுச் சமையலறையிலிருந்து வருகிற மாதிரி இருந்தது. சமையலறைப் பக்கம் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. கதவு பாதி திறந்திருந்தது. அதன் தாழ்ப்பாள் இன்னும் சரிசெய்யவில்லை.

புத்தகத்தோடு வெளியே வந்தேன். சுருக்கமாகச் சொன்னால் ஓடினேன். ஆராதனைக்குப் போகவில்லை. மூழ்கி இறந்தவள் என்று தன் கையெழுத்தில் எழுதி வைத்தவளுக்காக அந்தக் கோயிலில் நான் என்னவென்று வேண்டுவது. இரவு பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தேன். விடியற்காலையில் தூறல் போட்டது.

*

அந்த எழுத்து ஜெசியுடையதுதான் என்று இன்னொருவர் சொல்ல வேண்டும். இல்லையென்றால் எனக்குப் பைத்தியம் என்றாவது சொல்ல வேண்டும். இரண்டில் எதுவானாலும் சரி. ஆதிலட்சுமி அக்கா ஏழு வருடம் ஜெசிக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து கண் வைத்தவர். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கம்பெனிக்குப் போனேன்.

அக்கா ஒரு வரிசை பிள்ளையார்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"வா தம்பி. என்னா இப்பிடி எளச்சிட்ட. சாப்புடறியா, சாக்பீஸ திங்கறியா?"

"அக்கா, இது ஜெசி எழுத்தான்னு பாத்து சொல்லுங்க."

கையைத் துணியில் துடைத்துவிட்டுப் புத்தகத்தை வாங்கினார். "எதுப்பா?"

பொருளடக்கத்தைத் திறந்து காட்டினேன். நான்கு பென்சில் குறிகள். வேறு எதுவும் இல்லை. பதினோராவது கதைக்குப் போனேன். அச்சு வரிகள் மட்டும்தான் இருந்தன.

"நேத்து இருந்துது."

அக்கா என் முகத்தையும் கசங்கிய சட்டையையும் பார்த்தார். சூளைப் பக்கம் திரும்பி, "பாவாடையண்ணே, தம்பிக்கு ஒரு டீ சொல்லு" என்றார். பிறகு குரலை இறக்கினார். "தூங்கி எத்தினி நாளாவுது?"

"இருந்துதுக்கா. மத்தியானத்துல வருது. காலையில போயிடுது. நூலு போட்டுக் கட்டி வெச்சன். கட்டு அவுக்கல. ஆனா வந்துட்டுது. நீலமா."

"நீலமா?"

"ஆமா."

"புஸ்தகத்த எங்க வெச்சிருந்த?"

"பீரோ மேல. ஆஸ்பெஸ்டாஸுக்குக் கீழ."

அக்கா சிரித்தார். சத்தமாகத்தான் சிரித்தார். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். தோள் குலுங்குவதைப் பார்த்த பிறகுதான் அழுகிறார் என்று தெரிந்தது.

பாவாடை அண்ணன் டீ கிளாஸோடு வந்தார். நெடுநெடுவென்று உயரம், புருவ முடி பாதி கருகிப்போனவர். "என்னா இது? நீ அழுவறியா, புள்ளைய அழ வெக்கறியா?"

"அண்ணே, நம்ம ஜெசி, புருஷன் புஸ்தகத்துலயே சூளைத் தபால் எழுதியிருக்குது."

அவர் கிளாஸை என்னிடம் நீட்டியபடியே நின்றுவிட்டார்.

அக்கா மேசையிலிருந்து ஒரு கிண்ணத்தை எடுத்துக் காட்டினார். உள்ளே வெளிர் ரோஸ் நிறத்தில் தண்ணீர்.

"இது கோபால்ட் உப்பு கரைச்ச தண்ணி. பொம்மை அடியில எங்க அடையாளம் போடறதுக்கு. போடறப்ப கண்ணுக்கே தெரியாது. சூடு பட்டா நீலமாவும். காயிதத்துல எழுதினா இன்னும் வேடிக்க. சூளைச் செவுத்துல வெச்சா எழுத்து வரும். ஈரக்காத்து பட்டா மறஞ்சிடும். பொண்ணுங்க இதுலதான் ஒருத்திக்கு ஒருத்தி சீட்டு எழுதுவம். சூப்பர்வைசர் கோவிந்தசாமியப் பத்தி என்னென்னா எழுதியிருக்கம் தெரியுமா? அந்த ஆளு ஒரு நாளு அந்தச் சீட்டையே எடுத்து விசிறிக்கிட்டு நின்னாரு. வெறுங்காயிதம்னு."

"வேர்வை காயட்டும்னு சூளைகிட்ட வந்து விசிறினாரு. நான்தான் இழுத்துக்கிட்டுப் போனன்" என்றார் பாவாடை அண்ணன்.

"ஜெசி இந்தத் தண்ணிய வூட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போனாளா?"

"ஒரு மருந்து பாட்டில்ல தெனமும் கொஞ்சம். எதுக்குடின்னா, டிக்சனரி பாத்து நானே படிக்கறன்க்கா, அவருக்குத் தெரியக்கூடாது, தெரிஞ்சா சிரிப்பாருன்னுவா. முழுப் புஸ்தகமும் முடிச்சிட்டு ஒரு நாளு உங்கிட்ட கதை சொல்லப் போறதா இருந்தா."

நான் சாக்கடையில் ஊற்றியது அந்தத் தண்ணீர்.

மூழ்கி இறந்தவள் என்பது கதையில் வருகிற ஒரு வார்த்தைக்கு அவள் எழுதிக்கொண்ட அர்த்தம். நிழலும் மூச்சும் அப்படித்தான். பேய் எதுவும் வரவில்லை. ஏப்ரல் வெயில்தான் வந்திருந்தது.

டீயை ஒரு வாய் குடித்தேன். அப்போதுதான் புத்தகத்தின் நடுவில் நீட்டிக்கொண்டிருந்த காலண்டர் தாளை உருவினேன். நாலாக மடித்திருந்தது. பிரித்தேன்.

23. நவம்பர் 2005. புதன்.

அந்தத் தாளை இருபத்து நான்காம் தேதி காலையில்தான் கிழித்திருக்க முடியும். காலண்டரில் இன்னும் இருபத்து நான்குதான் மேலே இருக்கிறது. எனக்குத் தெரியாமல் படிக்கிறவள், எட்டு மணிக்கு நான் வீட்டைவிட்டுப் போன பிறகு, பதினோரு மணிக்கு அவள் பாலத்துக்கு வருவதற்கு முன்னால், இந்தப் புத்தகத்தைத் திறந்து அடையாளத்தை மாற்றி வைத்திருக்கிறாள். அந்த இரண்டு மணி நேரம் இந்தப் பக்கத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் அவள் ஏதாவது எழுதியிருந்தால் அதுதான் அவள் கடைசியாக எழுதியது.

தாள் இருந்த இடத்தில் விரலை விட்டிருந்தேன். எடுக்க முடியவில்லை. வீட்டில் கேட்ட மரக்கட்டைச் சத்தம்கூட இந்த அளவுக்கு என்னை உறைய வைக்கவில்லை.

"சூளைகிட்ட புடி தம்பி. ஒரு நிமிஷந்தான்" என்றார் அக்கா.

"வேணாம்."

"ஏன்?"

பக்கத்து அறையில் ஈரச் சாக்குப் போட்டு மூடிய களிமண் இருந்தது. அதன் அடியில் இந்தப் புத்தகத்தை வைத்தால் எந்த எழுத்தும் எந்தக் காலத்திலும் வராது. அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஆனால் வாய் வேறொன்றைச் சொன்னது.

"அன்னிக்கு அவ வழுக்கி வுழுந்தாளா, தானா போனாளான்னு எனக்குத் தெரியாதுக்கா. முந்தின நாளு நான் அவள அசிங்கமா பேசிட்டன். இந்தப் புஸ்தகத்துக்காகத்தான். ஃபாதர்கிட்ட வழுக்கி வுழுந்தான்னு சொல்லிட்டன். தெரியாமலே சொன்னன்."

  அக்கா தூரிகையைக் கிண்ணத்தின் மேல் குறுக்கே வைத்தார்.

"அப்ப நான் படிக்கறன். நல்லதா இருந்தா சொல்றன். இல்லன்னா புஸ்தகத்த அண்ணன் சூளையில போட்டுடட்டும்."

"இல்லக்கா. நானே பாக்கறன்."

சூளையின் பக்கச் சுவர் வரைக்கும் பன்னிரண்டு அடி இருக்கும். நடந்தேன். பாவாடை அண்ணன் செங்கல்லில் புறங்கையை வைத்து வைத்துப் பார்த்து, "இங்க வெய்யி. அங்கன்னா கருகிடும்" என்று ஓர் இடத்தைக் காட்டினார்.

புத்தகத்தைத் திறந்து அந்தப் பக்கத்தைச் செங்கல்லோடு அழுத்தினேன். பன்னிரண்டாவது கதையின் நான்காவது பக்கம். உள்ளங்கையில் சூடு ஏறியது. மனதுக்குள் அறுபது வரை எண்ணினேன். பிறகு இன்னொரு அறுபது எண்ணினேன். பழைய தாளின் வாசனை வந்தது.

எடுத்தேன். காலண்டர் தாளால் பக்கத்தை மூடிக்கொண்டு வரி வரியாகக் கீழே இறக்கினேன்.

மேல் வரிகளில் வார்த்தைகளுக்கு அர்த்தம் எழுதியிருந்தாள். மூன்று வரிக்கு ஒன்று. சில இடங்களில் ஒன்றை அடித்துவிட்டு வேறொன்று எழுதியிருந்தாள். இன்னும் கொஞ்சம் இறக்கினேன். கடலில் மூழ்கிச் செத்த ஒருத்தி தன் வீட்டுக்கே திரும்பி வருகிறாள். புருஷன் தூங்குகிறான். அவள் போய் உட்காருகிறாள். உட்காரும் இடத்தைச் சொல்லும் வார்த்தைக்கு மேலே 'அடுப்பு' என்று எழுதி, பக்கத்தில் பெரிய கேள்விக்குறி. அதற்குக் கீழே அச்சு வரிகள் மட்டும்தான். அர்த்தம் எழுதவில்லை. அங்கே நிறுத்தியிருக்கிறாள்.

பக்கத்தின் அடியில், வெற்று இடத்தில், நாலு வரி இருந்தது. தாளை எடுத்தேன்.

*செத்துப்போனவ எதுக்கு அடுப்புல போயி உக்கார்றா? டிக்சனரி தப்பா? சாயங்காலம் அவரக் கேக்கணும். திட்டினாலும் பரவால்ல.*

நான் கீழே உட்கார்ந்துவிட்டேன். முதுகு சூளைச் சுவரில் பட்டுச் சுட்டது. நகரவில்லை.

அக்கா புத்தகத்தை வாங்கிச் சத்தமாகப் படித்தார். சாயங்காலம் என்ற இடத்தில் நிறுத்தினார். மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"படிச்சிக்கிட்டே நேரத்த வுட்டுட்டுது" என்றார். "பதினொண்ணரைக்கு மேல வந்தா கோவிந்தசாமி கேட்டு வாசல்லயே திருப்பி அனுப்பிடுவான். அந்த பயத்துல பாலத்து வழியா ஓடியாந்திருக்குது. தண்ணி எரச்சல்ல மாட்டுக்காரன் கூப்புட்டது எங்க கேக்கும்?"

நான்கு பக்கங்கள். ஆகஸ்டில் நிறுத்தாமல் இருந்திருந்தால், ஏதோ ஒரு சாயங்காலம் அரை மணி நேரத்தில் நான் படித்துச் சொல்லியிருக்கக்கூடிய நான்கு பக்கங்கள். அதை நான் யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. அவர்களுக்கே தெரிந்திருக்கும்.

பாவாடை அண்ணன் என் எதிரே குந்தினார்.

"ஆமா தம்பி. எதுக்கு அடுப்புல போயி உக்காந்துது?"

"அடுப்பு இல்லண்ணே. அந்த ஊர்ல வூட்டுக்குள்ளயே குளிர் காயறதுக்கு ஒரு எடம் இருக்கும். செவுத்த ஒட்டி நெருப்பு எரியும். எல்லாரும் அதுகிட்ட வந்து உக்காருவாங்க."

"செத்தவங்களுமா?"

"கதையில அப்பிடித்தான்."

"சரிதான்" என்றார். "தண்ணியிலேர்ந்து வந்துதில்ல. குளுந்திருக்கும்."

எனக்குப் பிடரியில் மயிர் எழுந்தது. இத்தனை வருடத்தில் அந்தப் புத்தகத்தில் எந்தக் கதையும் எனக்கு அப்படிச் செய்ததில்லை.

அக்கா புத்தகத்தை என் மடியில் வைத்தார். பக்கம் ஆறிக்கொண்டிருந்தது. நீலம் ஓரத்திலிருந்து வெளுத்தது. 'அடுப்பு' முதலில் போனது. கேள்விக்குறி இன்னும் நின்றது.

"அப்புறம் என்னா ஆச்சு? புருஷன் முழிச்சானா இல்லியா?" என்றார் பாவாடை அண்ணன்.

எனக்கும் தெரியாது. அந்தக் கதையை நானும் படித்ததில்லை. பக்கத்தை மறுபடி சுவரில் வைத்தேன். எழுத்து முழுதாகத் திரும்பி வரும்வரை காத்திருந்தேன். பிறகு அவள் நிறுத்திய வரியிலிருந்து தமிழில் சொல்ல ஆரம்பித்தேன்.